நீற்றறையும் நிலவும்

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேயிலைச் சரிவுகளிலும் தமிழைக் காத்துவரும் நம்மவர்க்கு அப்பர் தேவாரம் புதிதன்று. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அங்கே பாடியதாகச் சொல்லப்படும் ஐந்தாம் திருமுறைப் பாட்டில், வியப்பு யாதெனில், நெருப்பும் இல்லை, அரசனும் இல்லை. வீணையும் மாலை நிலவும் தென்றலுமே உண்டு. வெம்மையை விரித்துரைத்தவர் ஐந்து நூற்றாண்டு பின்வந்த சேக்கிழார். அற்புதத்தைப் புராணத்தில் தேடலாம். பாட்டில் தேடவேண்டியது இன்பத்தையே.

அவ்வின்பம் எளிதில் கிட்டியதன்று. நான்காம் திருமுறையின் முதற்பதிகத்தை முன்வைத்தே இதனைப் படித்தல் வேண்டும். திருவதிகையில் சூலைநோய் குடரை வாட்ட, பொறுக்கமாட்டாது இறைவனிடமே முறையிடுகிறார் அப்பர். வலியை வலியென்றே சொன்ன வாய்தான் பின்னர் நிலவைப் பாடிற்று. சொற்பொழிவாளர் பலர் அம்முறையீட்டை விரைந்து கடந்து நீற்றறைக்குச் சென்றுவிடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். அங்கே மக்களை இழந்த ஒரு தாயிடம் சென்று தென்றலையும் நிலவையும் முதலில் ஓதலாமா? அவருக்கு உரியது திருவதிகைப் பதிகம். முறையிடவும் இறைவனன்றி வேறு எவரிடம் செல்வார்? அவ்விரு பாடல்களுக்கும் இடையே அப்பர் எத்துணைக் காலம் கழித்தார் என்று திருமுறை கூறவில்லை.