நெல்லிரசமும் காவித் துணியும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்கும் விருந்தாளிக்கும் ஒரே போத்தலைத்தான் திறப்பார்கள். தோலகட்டி நெல்லிரசம். தம்ளரில் ஒரு விரல் உயரத்துக்கு விட்டு, மேலே கிணற்றுத் தண்ணீர் வார்த்து, கரண்டியால் கலக்கினால் நெல்லியின் துவர்ப்பு மூக்குக்கு முதலில் வந்து சேரும். அதைக் காய்ச்சுகிறவர்கள் துறவிகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தோலகட்டி என்பது ஏதோ கம்பனியின் பெயர் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பல வருடங்கள் கழித்துக் குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக்கரைத் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்ற கத்தோலிக்க ஆசிரமத்தைப் பார்த்தேன். அங்கே கோபுர வாசலில் மும்முகங்களோடு திரித்துவம் நிற்கிறது. உள்ளே வாங்கு இல்லை, தரையில்தான் இருக்க வேண்டும். பீடம் கருவறைபோல இருட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறது. காலைச் செபத்தில் சந்தனம், மத்தியானத்தில் குங்குமம், மாலையில் விபூதி. சங்கீதங்களோடு உபநிடதமும் வாசிக்கப்படுகிறது. காவி கட்டிய துறவி ஆரத்தித் தட்டை நீட்டியபோது, யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த என் கை ஒரு கணம் தயங்கியதை மறைப்பதற்கில்லை.

தமிழ்நாட்டார் ஆசிரமம் என்கிறார்கள், நாங்கள் ஆச்சிரமம் என்கிறோம். பாக்குநீரிணைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த காரணந்தான் வேறு.

சாந்திவனத்தை 1950இல் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள், ஜூல் மொன்ஷனேனும் ஹென்றி லெ சோவும். முதலாமவர் பரம அரூபி ஆனந்தர் என்றும் மற்றவர் அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் மாற்றிக்கொண்டார்கள். திருச்சி ஆயர் மென்டோன்சா இடங்கொடுத்தார். இருவருக்கும் இருந்த கேள்வி பெரியது: அத்வைதம் பேசும் மண்ணில் திருச்சபை எந்த மொழியில் மௌனமாக இருப்பது? லெ சோ ரமணரைத் தேடித் திருவண்ணாமலைக்குப் போய் அங்கே குகைகளில் தங்கினார். பிற்காலத்தில் இமயமலைப் பக்கமே போய்விட்டார். மொன்ஷனேன் 1957இல் பாரிஸில் இறந்தார். அந்தக் காலத்தில் அவர்களோடு நிலைத்துத் தங்கிய இந்தியர் ஒருவரும் இல்லை. இந்திய ஆன்மாவைத் தேடிய வீட்டில் இந்தியர் இல்லாமற்போனது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம். 1968இல் ஆங்கிலேயரான பீட் கிரிஃபித்ஸ், கேரளத்து வாகமண்ணில் இருக்கும் குரிசுமலையிலிருந்து இங்கே வந்த பிறகுதான் சாந்திவனத்தில் ஆட்கள் கூடினார்கள். அப்போதும் வெளிநாட்டு விருந்தினருக்குக் குறைவில்லை.

தோலகட்டியின் கதை வேறு மாதிரி. 1926இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், மறைபரப்பு நாடுகளில் தியான வாழ்வுக்கான மடங்கள் எழும்ப வேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். யாழ்ப்பாண ஆயர் கியோமார் ஆண்டகை அதைத் தன் மறைமாவட்டத்து அமலமரித் தியாகிகள் சபைக் குருவான தோமஸ் அடிகளின் கையில் கொடுத்தார். 1928 பெப்ரவரியில் செபமாலைத் தாசர் சபை தொடங்கிவிட்டது. தோமஸ் அடிகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவரிடம் வந்து சேர்ந்தவர்களும் சுற்றுவட்டாரத்து இளைஞர்களே. தமிழராக எப்படி மாறுவது என்று அவர்கள் யோசிக்கத் தேவையில்லை, பிறந்தபோதே அந்த வேலை முடிந்திருந்தது. ஆகையால் அத்வைதப் பேச்சும் கோபுரமும் அங்கே எழவில்லை. முறைவைத்து நற்கருணைக்கு முன்னால் செபமாலை, கடும் ஒறுத்தல், தோட்டவேலை, மௌனம். நெல்லியும் முந்திரிகையும் அந்தத் தோட்டவேலையின் பிள்ளைகள். (முந்திரிகை என்றால் எங்களுக்குத் திராட்சை. தமிழ்நாட்டு வாசகர்கள் பாயாசத்தை நினைக்க வேண்டாம்.)

ஆனால் அவர்கள் தொட்ட கேள்வி வேறு வகையில் கனமானது. சாதி பார்த்துக் கோயிலில் வாங்கு பிரித்த ஒரு சமூகத்தில், யார் வீட்டுப் பிள்ளை என்று கேளாமல் ஒரே மேசையில் சாப்பிட இருத்தியது அந்த மடம். தமிழரும் சிங்களவரும் ஒரே கூரையின்கீழ்த் துறவிகளாக இருந்தார்கள். உபநிடதம் வாசிப்பதைவிட யாழ்ப்பாணத்தில் இது கடினமான தவம் என்பது ஊரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

புரட்டஸ்தாந்தரின் நிலை இன்னும் வேடிக்கையானது. அவர்களுக்கு மடம் என்றாலே மார்ட்டின் லூதர் விட்டுவிட்டு வந்த இடம். துறவி என்ற சொல்லை வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு ஆசிரமம் என்ற சொல் பெரிய உதவி செய்தது. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் யேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் டாக்டர்கள். ஊருக்குப் பெரியண்ணன், சின்னண்ணன். கல்யாணம் இல்லை, சம்பளம் இல்லை, உடுப்பது கதர், நடத்துவது ஆஸ்பத்திரி. ஜெபாலயத்தைத் திராவிடக் கோயில் பாணியில் கட்டினார்கள். பேட்டன் ஸ்கொட்லாந்தில் கம்பளி நூல் ஆலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அவரே 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்று பொலிஸிடம் அடி வாங்கினார். சாந்திவனத்தில் தேடிக் கிடைக்காத ஒன்று இங்கே முதல் நாளிலிருந்தே இருந்தது: வெள்ளைக்காரரும் தமிழரும் சமமாகத் தொடங்கிய வீடு.

அதே வமிசத்தில் 1939இல் சுன்னாகத்துக்குப் பக்கத்தில், மருதனார்மடத்தில், கிறிஸ்த சேவா ஆச்சிரமம் எழுந்தது. சேவக் செல்வரத்தினம் தொடங்கியது. அங்கத்தவர்களுக்கு ‘சேவக்’ என்பதே பட்டம்.

சிங்களப் பகுதியில் அங்கிலிக்கன் குரு யோஹான் தேவானந்த 1957இல் குருநாகலுக்குக் கிட்ட இப்பாகமுவவில் தேவசரண ஆராமய என்று ஒன்றைத் தொடங்கினார். ஆராமய என்பது பௌத்த விகாரையின் சொல். சாந்திவனம் கோபுரத்தை எடுத்துக்கொண்டதுபோல இவர் பாயையும் எண்ணெய் விளக்கையும் எடுத்துக்கொண்டார். ஆனால் அயலில் காணியில்லாத கமக்காரர்கள் இருந்தார்கள். 1971இல் சிங்கள இளைஞர் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. தியான வீடு கூட்டுப்பண்ணையாக மாறியது. பௌத்தரையும் மார்க்சியரையும் கூட்டி வைத்து வழிபாடு எழுதினார்கள். திருச்சபையில் பலருக்கு இது துறவா அரசியலா என்று விளங்கவில்லை. இரண்டும்தான் என்பது என் அபிப்பிராயம்.

இரு நாட்டிலும் இந்த வீடுகள் பட்ட அடியும் வேறு வேறு. இந்தியாவில் சண்டை அடையாளத்தின்மேல் வந்தது. சிலுவையில் ஓம் பொறித்ததைப் பார்த்து, காவி கட்டி ஏமாற்றி மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று இந்துத்துவ எழுத்தாளர் சீதாராம் கோயல் 1988இல் புத்தகமே எழுதினார். மறுபக்கத்தில் தலித் கிறிஸ்தவர்கள், நாங்கள் எந்தச் சமஸ்கிருதத்திலிருந்து தப்பி வந்தோமோ அதையே பீடத்தில் ஏற்றுகிறீர்களா என்று கேட்டார்கள். கோயலுக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஆசிரமங்கள் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

இலங்கையில் அடி நிலத்தின்மேல் விழுந்தது. 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு வெறுமையானபோது, வசாவிளான் பக்கத்துத் தோலகட்டியும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. ஒரே இடத்தில் சாகும்வரை இருப்பதாக எண்ணி வந்த துறவிகள், ஊர்ச்சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தார்கள். ஐரோப்பிய மடச் சரித்திரத்தில் இதற்கு உதாரணங்கள் உண்டு. சாந்திவனத்து விருந்தினர் நூலகத்தில் இருந்து வாசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

திருச்சபை இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன? இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபை சிலதை எடுத்தது. 1969இல் உரோமை அனுமதித்த 12 தழுவல்களில் முழங்காலிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பல், பஞ்சாங்க நமஸ்காரம், ஆரத்தி, மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு எல்லாம் உண்டு. அதற்காக உழைத்த அமலோற்பவதாஸ் அடிகள் பின்னர் மைசூரில் அஞ்சலி ஆசிரமத்தைத் தொடங்கினார். குத்துவிளக்கு பங்குக் கோயில்களில் நிலைத்துவிட்டது, இன்று விழா மேடைகளில் விருந்தினர்கள் ஆளுக்கொரு திரி ஏற்றிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விளக்குக்கு முன்னால் அரை மணி நேரம் பேசாமல் இருக்கும் பழக்கம் மட்டும் ஆசிரமத்து வாசலைத் தாண்டவில்லை.

இலங்கைத் தமிழ்த் திருச்சபையோ போத்தலை எடுத்துக்கொண்டது. பூசைக்கு முந்திரிகை இரசம், வீட்டுக்கு நெல்லி. சாதி கேளாத சாப்பாட்டு மேசையை எத்தனை பங்குகள் எடுத்துக்கொண்டன என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டில் எது என் மனதுக்கு நெருக்கம் என்று கேட்பவர்களுக்கு: தோலகட்டி. காவிரிக்கரையின் அழகு இங்கே இல்லை, அபிஷிக்தானந்தரைப்போல எழுதத் தெரிந்தவரும் இல்லை. ஆனாலும் ஊரில் பிறந்தவர்கள் ஊரின் அழுக்கோடு மல்லுக்கட்டிய வீடு அது. செபமாலைத் தாசர்கள் பின்னாளில் இந்தியாவிலும் வீடு வைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆசிரமம் என்ற யோசனை இங்கே வந்ததற்கு இங்கிருந்து போன மறுமொழியாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

மறுபடியும் போகக்கூடியதாகிவிட்ட தோலகட்டிக்கு இன்று போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் போத்தல்களை வாங்கி, வாகனத்தின் பின்பக்கத்தில் அடுக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போத்தலை வாங்குமுன் கோயிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.