கழற்றாத பிளக்

சென்ற மாதம் ஒரு பழைய கார் அணிவகுப்பில் மார்க் 2 அம்பாசடர் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். பெயிண்டிலும் சீட்டிலும் குறை சொல்ல இடமில்லை. உரிமையாளர் போனட்டைத் தூக்கி, நான்கு பிளக்குகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். “எல்லாம் இரிடியம் சார். மாட்டினதோட சரி. இனி ஒரு லட்சம் கிலோமீட்டருக்குக் கழற்றுற வேலையே இல்லை.” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள், நடுவர் ஒருவர் உட்பட. பழைய கார் வட்டாரத்தில் இரண்டு மூன்று வருடமாக இதே பேச்சுதான்.

இரிடியத்தின் மீது எனக்குக் கோபமில்லை. நிக்கல் 1455 டிகிரியில் உருகும், இரிடியம் 2446 டிகிரி வரை தாங்கும். அதனால்தான் சாதாரண பிளக்கில் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நடுமுனையை இதில் 0.6 மில்லிமீட்டர் வரை மெலிய வைக்க முடிகிறது. மெலிந்த நுனியிலிருந்து பொறி தாவக் குறைந்த வோல்டேஜ் போதும். பாயிண்டும் கண்டென்சரும் வயதான காயிலுமாக ஓடும் வண்டிக்கு இது உதவிதான், காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். உள்ளே ரெசிஸ்டர் இருப்பதால் பொறி செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவதையும் நான் நம்பவில்லை.

ஆனால் ‘இரிடியம்’ என்ற சொல் நுனியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பிளக்கைத் தேர்ந்தெடுப்பது என்றால் அந்த அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி என்ஜினுக்கு 14 மில்லிமீட்டர் மரை, 19 மில்லிமீட்டர் நீளம், 0.025 அங்குல இடைவெளி, இவற்றுக்கெல்லாம் மேலாக ஹீட் ரேஞ்ச். நடுப் பீங்கானின் மூக்கு சுமார் 450 டிகிரிக்குக் கீழே நின்றால் கரி எரியாமல் படியும். 800ஐத் தாண்டிப் போனால் பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிளக்தான் சரியான பிளக். அதை எண்ணைப் பார்த்து வாங்குவதிலும் ஒரு கூத்து இருக்கிறது. என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், சாம்பியனில் கூடினால் சூடான பிளக். பாஷ் தன் எண்முறையையே தலைகீழாக்கியது: பழைய மூன்றிலக்க எண் கூடினால் குளிர், புதிய ஓரிலக்க எண் கூடினால் சூடு. பாஷின் பழைய இந்தியப் பெயரான மைக்கோவின் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு புதுசு வாங்கப் போகிறவர் கடை வாசலிலேயே வழுக்கி விழலாம். இரிடியம் வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது. கரி படிவது பீங்கானில்.

இதையெல்லாம் அந்த உரிமையாளர் சரியாகவே பார்த்து வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் ஆட்சேபணை அப்படியே நிற்கிறது. அது அந்தக் ‘கழற்றுற வேலையே இல்லை’ மேல்தான்.

நான் தொழில் பார்த்துத் தெரிந்துகொண்ட மெக்கானிக் பிளக்கைக் கழற்றியதும் துடைக்க மாட்டார். மட்கார்டில் நாளிதழை விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசை மாறாமல் வைப்பார். பிறகு ஒரு பீடி. மூன்று பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்கும், நாலாவது ஈரக் கறுப்பு. விரலில் தேய்ப்பார். வழுக்கினால் எண்ணெய், ரிங்கோ வால்வு கைடோ போய்விட்டது. காய்ந்த புகைக்கரி என்றால் கார்புரேட்டர் பெட்ரோலைக் கொட்டுகிறது, அல்லது சோக் முழுக்கத் திரும்பவில்லை. பீங்கான் வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் டைமிங்கைப் பார்ப்பார். ஹெட்டைப் பிரிக்காமல் என்ஜினுக்குள் எட்டிப் பார்க்க இருந்த ஜன்னல் அது. இந்தியா முழுக்க 2000இல் ஈயப் பெட்ரோல் நின்ற பிறகு நிறங்கள் வெளிறிப்போய்ப் படிப்பது கடினமாகிவிட்டது உண்மைதான். கடினம் என்பதற்காக யாரும் படிப்பதை விட்டுவிடவில்லை.

இப்போது அந்த ஜன்னலுக்கு விலை கொடுத்துத் திரை போடுகிறோம். குறைந்த வோல்டேஜில் பொறி தட்டுகிற அதே குணம், லேசாக அழுக்கேறிய பிளக்கையும் எரிய வைக்கிறது. சாதாரண பிளக் என்றால் வண்டி மிஸ் அடிக்கும், ஓட்டுபவருக்கு எரிச்சல் வரும், கழற்றிப் பார்ப்பார். இங்கே எரிச்சலும் வராது. என் நண்பர் ஒருவரின் வண்டி இரண்டு வருடம் இப்படிச் சமத்தாக ஓடியது. எண்ணெய் குறைந்துகொண்டே போனதை ‘பழைய வண்டி, குடிக்கத்தானே செய்யும்’ என்று விட்டுவிட்டார். பிரித்தபோது நாலாவது பிஸ்டனின் ரிங் உடைந்து போரில் கோடு கிழித்திருந்தது. பிளக்கா ரிங்கை உடைத்தது என்று கேட்கலாம். இல்லைதான். வீட்டு நாய் திருடவில்லை, குரைக்கவில்லை, அவ்வளவுதான்.

குறுக்குவாட்டில் மாட்டிய வி6 என்ஜினில் பின்வரிசை பிளக்கை எட்ட மேனிஃபோல்டையே கழற்ற வேண்டியிருக்கும். அங்கே லட்சம் கிலோமீட்டர் ஆயுள் வரம். பிஎம்சி என்ஜினிலோ கார்புரேட்டரும் புகைபோக்கி மேனிஃபோல்டும் ஒரு பக்கம், நான்கு பிளக்கும் மறுபக்கம் வரிசையாக. பத்து நிமிட வேலை. அணிவகுப்புக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குமாக வருடத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டி லட்சத்தைத் தொட இருநூறு வருடம் ஆகும். அலுமினிய ஹெட் உள்ள வேறு பழைய வண்டிகளில் வருடக்கணக்கில் திருப்பாத பிளக் மரையோடு வெளியே வந்த கதைகளும் உண்டு. பிளக்கைக் கழற்றவே அலுப்பு என்றால் பழைய கார் எதற்கு, புதுசு வாங்கிக்கொள்ளலாமே! கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

பரிசு வாங்கிய அம்பாசடரின் டிக்கியையும் திறந்து காட்டினார்கள். ஜாக்கி, கைச்சுற்றி, ஸ்பேனர்கள் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு, வெல்வெட் துணியில் அடுக்கியிருந்தது. பிளக் ஸ்பேனரும் இருந்தது. அதற்குக் குரோம் பூசியிருந்தார்கள்.