பாயும் கதவும்

என் தங்கை மகள் கட்டடக் கலை படித்தவள். சென்னையில் ஒரு அலுவலகத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். அது போதாதென்று மேல்படிப்புக்குப் போனாள். பொங்கலுக்குப் பேட்டைக்கு வந்தவள் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இதுவரை அவள் வரைந்ததையெல்லாம் சேர்த்து அச்சிட்ட புத்தகம் அது. முதல் பாதி அலுவலகத்தில் செய்தது. பின் பாதி கல்லூரியில் செய்தது.

"நாவலுக்கெல்லாம் விமர்சனம் எழுதுதீங்களே மாமா, இதுக்கும் ஒரு அபிப்பிராயம் சொல்லுங்க" என்றாள்.

எனக்குத் தெரியாத கலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில் எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் புரட்டப் புரட்ட எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. முதல் பாதியில் அடுக்குமாடி வீடுகள். கார் எங்கே நிற்கும், தண்ணீர்த் தொட்டி எங்கே, எத்தனை சதுர அடி என்று எல்லாம் கணக்காக இருந்தது. அதில் அவளைக் காணோம். பின் பாதியில் தாமிரபரணிக் கரையில் ஒரு காட்சிசாலை. ஆற்றின் வளைவைப் போலவே வளைந்த கூரை, நிழல், வெளிச்சம் எல்லாம் அழகு. அதில் மனிதர்களைக் காணோம். ஒரு பாதியில் மனசு இல்லை. மற்றப் பாதியில் உடம்பு இல்லை. இதை அப்படியே சொன்னால் பிள்ளை வருத்தப்படுவாள் என்று, "யோசித்து எழுதித் தருகிறேன் தாயி" என்று தப்பித்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு மினெட் டி சில்வாவின் நினைவு வந்தது.

கண்டி எங்கள் பக்கத்தாருக்கு அந்நிய ஊர் இல்லை. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ரயிலில் மலையேறிக் கடை வைத்தவர்கள் திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ பேர். அந்தக் கண்டியில் 1918-ல் பிறந்தவர் மினெட். தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா, வக்கீல், அரசியல்வாதி, பிறகு இலங்கையின் சுகாதார மந்திரி. தாய் ஆக்னஸ், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடியவர். 1931-ல் இலங்கையில் அந்த உரிமை வந்தது. பெண் வாக்களிக்கலாம் என்று வீட்டில் பேச்சு. ஆனால் பெண் வீடு கட்டலாம் என்றபோது தந்தைக்கே அது எளிதில் ஜீரணமாகவில்லை.

இலங்கையில் அப்போது கட்டடக் கலை படிக்கப் பள்ளி கிடையாது. மினெட் பம்பாய்க்குப் போனார். அங்கே முதலில் மிஸ்திரி – பேத்வார் என்ற அலுவலகத்தில் தொழில் பழகினார். பிறகு ஜே. ஜே. கலைப்பள்ளி. காந்தியை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகப் பள்ளி அவரை வெளியேற்றியது. மன்னிப்புக் கடிதம் எழுதித் தர அவர் சம்மதிக்கவில்லை. அங்கிருந்து பெங்களூர். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்து மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் வேலை. ஜாம்ஷெட்பூர்த் தொழிலாளர்களுக்கான வீடுகளைப் பற்றி அந்த அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. யுத்தம் முடிந்ததும் லண்டனில் கட்டடக் கலைச் சங்கத்தின் பள்ளியில் மறுபடியும் மாணவி. 1948-ல் பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரானார். அந்தத் தகுதி பெற்ற முதல் ஆசியப் பெண் அவர்தான்.

அலுவலகம், பள்ளி, அலுவலகம், பள்ளி என்று ஊஞ்சல் மாதிரி போய் வந்திருக்கிறார். என் மருமகளின் புத்தகத்துக்கு இரண்டு பாதி. இவர் வாழ்க்கைக்கு நாலு பாதி என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு வாத்தியார் மன்னிப்பாராக. இடையில் 1947-ல் இங்கிலாந்தில் நவீனக் கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மகாநாடு கூடியபோது இவரும் பிரதிநிதியாகப் போனார். அந்தக் காலத்தில் பழக்கமான லெ கார்புசியே கடைசிவரை இவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் சண்டிகர் நகரத்தை வகுத்த அதே பெரிய மனிதர்தான்.

இப்படிப் படித்துத் திரும்பியவர்கள் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? லண்டனில் கற்றதைக் கண்டியில் கட்டுவார்கள். அல்லது கண்டியில் இருந்த பழசை அப்படியே காப்பியடித்து, "இது நம் மரபு" என்பார்கள். நம் நாவலாசிரியர்களும் இந்த இரண்டு குழிகளில் ஒன்றில்தான் விழுகிறோம். ஆகையால் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. மினெட் எந்தக் குழியில் விழுந்தார் என்று தேடிப் பார்த்தேன்.

1949-ல் ஊர் திரும்பியவர் கட்டிய முதல் வீடு கண்டியில் கருணாரத்ன குடும்பத்துக்கு. 1951-ல் முடிந்தது. மலைச் சரிவான மனை. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், வீட்டையே மட்டம் மட்டமாக இறக்கியிருக்கிறார். கூடம் விசாலமாகத் தோட்டத்தைப் பார்த்துத் திறக்கிறது. சுவரில் ஜார்ஜ் கீட் வரைந்த சித்திரம். மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலை மரத்தில் ஏறியிருக்கிறது. சுட்ட மண் ஓடுகளை உள்ளூரிலேயே செய்வித்தார். எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது ஒரு கதவு. அதன் சட்டத்துக்குள் பலகைக்குப் பதில் பாய் இருக்கிறது.

தும்பறைப் பாய் என்பது கண்டிச் சீமையின் பழைய கைத்தொழில். நாரில், சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாகக் கட்டம், பறவை, மிருகம் என்று நெய்வார்கள். கண்டிக் கைவினைகள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று 1908-லேயே ஒரு பெரிய புத்தகம் எழுதி எச்சரித்தவர், நம் தமிழ் வம்சத்து ஆனந்த குமாரசாமி. நாற்பது வருஷம் கழித்து ஒரு இளம் பெண் அந்தப் பாயை எடுத்து நவீன வீட்டுக் கதவில் வைக்கிறாள்.

படத்தில் பார்த்தால் கண் நிறைகிறது. ஆனாலும் எனக்கு ஒரு ஆட்சேபம் எழுந்தது. பேட்டைக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடை இருக்கிறது. தாமிரபரணியின் கோரையை ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, நகக்கண் நோகக் கிழித்து, பட்டுப் போல நெய்கிறார்கள் அங்கே. நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். நல்ல பத்தமடைப் பாயைக் கல்யாணத்துக்கு வாங்குவார்கள். மாப்பிள்ளை பெண் பெயரைக்கூட அதில் நெய்து கொடுப்பதுண்டு. அதற்குமேல் உயர்ந்த ரகத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறோம். படுக்க நெய்த பாய், பார்க்கிற பாயாகிவிடுகிறது. நெய்தவளுக்கு மரியாதை செய்ததாக நினைத்துக்கொள்கிறோம். அவளோ பழையபடி மண் தரையில் உட்கார்ந்து அடுத்த பாய்க்குப் பாவு இழுத்துக்கொண்டிருக்கிறாள். மினெட் செய்ததும் இதுதானா?

இரண்டு நாள் இந்த ஆட்சேபத்தோடு இருந்தேன். பிறகு அது பாதிதான் சரி என்று தோன்றியது. சுவரில் மாட்டிய பாயை எடுத்துவிட்டால் வீட்டுக்கு ஒன்றும் குறையாது. கதவில் வைத்த பாயை எடுத்துவிட்டால் அங்கே ஓட்டைதான் இருக்கும். அந்த வீடு முழுமையாக நெசவுக்காரனை நம்பியிருக்கிறது. வீடு கட்டத் தச்சனும் கொத்தனும் போதாது, நெய்கிறவனும் குயவனும் வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டார். கலையைக் காப்பாற்ற இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. கைத்தொழிலுக்குப் பரிசு கொடுப்பதைவிட அதற்கு ஒரு வேலை கொடுப்பது மேல்.

என் ஆட்சேபத்தின் மற்றப் பாதி அப்படியே இருக்கிறது. இது வசதியுள்ளவர்கள் வீடு. அந்தப் பாயை நெய்தவனுக்கு இவர் வீடு கட்டினால் எப்படிக் கட்டுவார்? இந்தக் கேள்விக்கு முதல் வீட்டில் பதில் இல்லை.

1952-லிருந்து 1956 வரை கொழும்பில் அவர் கட்டிய பீரிஸ் வீட்டிலும் இல்லை. அது வேறு விதத்தில் கெட்டிக்காரத்தனமான வீடு. லெ கார்புசியேயின் பாணியில் வீட்டைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்திவிட்டு, நடுவே கண்டி வீடுகளின் வானம் பார்த்த முற்றத்தை வைத்துவிட்டார். லண்டனும் கண்டியும் ஒரே கூரையின்கீழ் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. பிற்காலத்தில் முற்றம் வைத்த நவீன வீட்டுக்கு ஜெஃப்ரி பாவா உலகப் புகழ் பெற்றார். பாவா பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் அவர் லண்டனில் படித்துத் தகுதி பெற்றது 1957-ல்; அதற்கு முன்பே இந்த முற்றம் கொழும்பில் வெயில் வாங்கிக்கொண்டிருந்தது. 'நவீனப் பிரதேசக் கட்டடக் கலை' என்ற பேச்சையும் மினெட் 1950களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார். மேலைநாட்டு விமர்சகர்கள் அதே மாதிரி ஒரு பெயரைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டது 1980களில்.

என் கேள்விக்குப் பதில் வட்டபுளுவவில் கிடைத்தது. கண்டிக்குப் பக்கத்தில், 1950களின் பின்பாதியில், அரசாங்க ஊழியர்களுக்காகச் சுமார் 250 வீடுகள் கட்டும் வேலை அவரிடம் வந்தது. பல இனத்தார், பல மதத்தார், பல சம்பளத்தார். சர்க்கார் குடியிருப்பு என்றால் நமக்குத் தெரியும்: ஒரு வீட்டை வரைந்து 250 தடவை பிரதி எடுப்பது. மினெட் பேனாவை எடுப்பதற்கு முன் குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். வீட்டில் எத்தனை பேர், எப்படிச் சமைக்கிறீர்கள், எங்கே சாமி கும்பிடுகிறீர்கள், கையில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். பதில்களை வைத்துச் சில மாதிரிகளை வகுத்து, அவற்றையும் குடும்பத்துக்குக் குடும்பம் மாற்றிக்கொள்ள இடம் விட்டார்.

கதவில் பாய் வைத்ததைவிட இது பெரிய கலை என்பது என் கட்சி. இதைப் புகைப்படம் எடுக்க முடியாது. அதனால் புகழும் குறைவு. எப்படிக் கட்டுவது என்பதை அலுவலகம் சொல்லிக்கொடுத்தது. ஏன் கட்டுவது என்பதைப் பள்ளி சொல்லிக்கொடுத்தது. யாருக்குக் கட்டுகிறோம் என்பதை இரண்டு இடத்திலும் சொல்லித் தருவதில்லை. அதைக் குடியிருப்பவன் வாசலில் போய் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்குக் கொஞ்சம் அகந்தையை வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. லெ கார்புசியேயோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் அதைச் செய்தார்.

இவ்வளவு ஆரம்பம் கிடைத்தும் அவர் கட்டியவை அதிகமில்லை. பெண் என்பதால் தம்மைத் தட்டிக்கழித்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். 1970களில் ஹாங்காங்கில் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் தங்கப் பதக்கம் கொடுத்தது 1996-ல், 1998-ல் காலமானார். இரண்டு வருஷ வெயிலில் காய வைப்பதற்கு எழுபத்தெட்டு வயசு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான் கண்டி போய் இவற்றைப் பார்த்தவனில்லை. படங்களையும் வரைபடங்களையும் வைத்துப் பேசுகிறேன். படத்தில் காற்று தெரியாது. அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியாது. அந்த அளவுக்கு என் தீர்ப்பைக் கழித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் என் மருமகளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய் இன்னொரு தாளைக் கொண்டுவந்தாள். அது புத்தகத்தில் சேராதது. பேட்டையில் நாங்கள் பிறந்த வீட்டை இடித்துவிட்டு அவள் அம்மாவுக்குக் கட்டப்போகும் புது வீட்டின் படம். திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு என்று ரயில்வண்டி மாதிரி நீண்ட வீடு எங்களுடையது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். புதுப் படத்தில் முன்னால் கார் நிற்க இடம், பிறகு ஒரு பெரிய கூடம், அறைகள்.

என் தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இதுல அங்கணம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். "இந்தக் காலத்துல எதுக்கும்மா அங்கணம்?" என்றாள் மகள். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. தினமும் மூன்று மணிக்கு இரண்டாங்கட்டு அங்கணத்தை ஒட்டி உட்கார்ந்துதான் அவள் காய் நறுக்குவாள். மேலேயிருந்து வெளிச்சம் விழும்; பின்வாசல் காற்று வரும்; அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு அப்பாலிருந்தே பேசுவாள். கணவன் போன இந்தப் பதினொரு வருஷத்தில் அவளுக்குப் பேச்சுத் துணை அந்த இடம்தான். இது எனக்கே அன்றுதான் உறைத்தது.

மறுநாள் மத்தியானம் மருமகளைப் புத்தகத்தோடு காணவில்லை. தேடிப் போனால், இரண்டாங்கட்டில் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் அளவு நாடா. அம்மா காய் நறுக்க, அவள் அரிவாள்மணைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுதித் தருவதாகச் சொன்ன விமர்சனத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.