ஒரிஜினல் என்றால் எது? விண்டேஜ் விதியும் திருவள்ளூரில் ஒரு அம்பாசடரும்

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் 81ஏ-வில் தொடங்கி ஒரு சின்னத் தொகுதியைச் சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'விண்டேஜ்' அந்தஸ்து. மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும் தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. இதெல்லாம் சரிதான். எனக்குத் தொண்டையில் சிக்கியது அதன் வரையறை. வண்டி 'அசல் வடிவில்' இருக்க வேண்டும்; சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது.

இந்த வரியை இரண்டு வருஷமாக மனசுக்குள் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம், திருவள்ளூர் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக் கொல்லையில் தகர ஷெட்டுக்குள் நிற்கிற 1968 மாடல் அம்பாசடர். அவருடைய அப்பா ஓட்டியது. பெட்ரோல் விலை தாங்காமல் 1986-ல் பி.எம்.சி. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மேட்டடார் டீசல் இன்ஜினை ஏற்றினார். அந்தக் காலத்தில் அம்பாசடர் வைத்திருந்தவர்களில் நிறைய பேர் செய்ததுதான். ஆர்.சி. புத்தகத்தில் அது பதிவாகி, அலுவலக முத்திரையும் இருக்கிறது. மகனுக்கு இப்போது அதை ஹாட் ராட் ஆக்க ஆசை. கூரையை நாலு அங்குலம் தாழ்த்தணும், முன் மட்கார்டை எடுத்துட்டு இன்ஜின் வெளியே தெரியணும், பின்னால் அகல டயர். "நம்ம ஊரு வண்டியில யாருமே பண்ணலைண்ணே" என்கிறார்.

யாரும் பண்ணவில்லை என்பது பாதிதான் உண்மை. முதலில், இந்த வண்டியில் ஏன் அது கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஹாட் ராட் என்ற சாதி பிறந்தது அமெரிக்க ஃபோர்டு வண்டிகளில். மாடல் டி, மாடல் ஏ, அப்புறம் 1932-ல் வந்த வி-8. அவற்றுக்கெல்லாம் ஏணி மாதிரி தனிச் சேஸி உண்டு. பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். கழற்றலாம், வெட்டலாம், தாழ்த்தி மாட்டலாம், அடியில் இருக்கிற சட்டம் அசையாது. அம்பாசடர் அப்படி இல்லை. அது மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு. பாடியும் சேஸியும் ஒன்றேதான். கூரை, கதவுத் தூண், தரைத் தகடு எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகிறது. முன் சக்கரத்தின் டார்ஷன் பார் நீளவாக்கில் ஓடி, தரைக்கடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கிறது. துரு தின்ற தரைமேல் கூரையையும் வெட்டினால், ஜாக்கி வைத்துத் தூக்கும்போதே கதவு சாத்தாது. டிங்கர் மேஸ்திரி எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் அடியில் புதுசாக ஒரு சட்டம் கட்டாமல் இது ஆகாது. சட்டம் கட்டினால் அப்புறம் அது அம்பாசடரின் முகமூடி போட்ட வேறு வண்டி.

வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு எவ்வளவோ தோது. அதற்குத் தனிச் சேஸி உண்டு, முன் பானட் மொத்தமாகத் திறக்கும். ஆனால் அதன் பின் ஆக்சில் ஊசலாடும் வகை. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கும். அதில் பெரிய இன்ஜின் வைக்கிறவர் முதலில் பின்பக்கத்தைச் சரிசெய்யட்டும்.

இனி 'யாருமே பண்ணலை'. திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே, செங்குன்றத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற சாலையில் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கேதான் ரேஸ் நடத்தியது. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு சோழவரம் நின்றுபோனது. விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிய கதையையே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அது இல்லை. ஃபியட்டையும் ஹெரால்டையும் வீட்டுப் பட்டறையில் பிரித்து, சீட்டையும் பம்பரையும் கழற்றி எடை குறைத்து, ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷன் ஏற்றி, லேத்தில் கடைந்த பாகங்களைப் போட்டு ஓட்டியவர்கள்தான் முக்கியம். இறக்குமதி அனுமதி கிடைக்காத காலம். வேறு வழி கிடையாது. கோயம்புத்தூர் கரிவர்தன் இந்த வழியில் வந்து, மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் வண்டிகளையே கட்டினார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியைத்தான். 1995-ல் விமான விபத்தில் இறக்காமல் இருந்திருந்தால் கரி இன்னும் என்னென்ன கட்டியிருப்பாரோ.

கலிஃபோர்னியாவிலும் கதை இதேதான். பையன்கள் பழைய ஃபோர்டை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். 1937-ல் அதற்கென்று சங்கம் வைத்தார்கள். போருக்குப் பிறகு விமான ஓடுதளங்களுக்கு வந்தார்கள். குரோமும் தீக்கொழுந்து பெயின்டும் அப்புறம் ஒட்டிக்கொண்டவை. நண்பர் ஆசைப்படுவது அந்தப் பின்னாள் அலங்காரத்துக்கு. அவருடைய அப்பா 1986-ல் செய்தது ஆரம்பகால ஹாட் ராட் மனநிலைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு, "அப்பா மைலேஜுக்குப் பண்ணாருண்ணே, ஸ்பீடுக்கு இல்ல" என்றார். நியாயம்தான்.

விதிக்கு வருகிறேன். 2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு திருத்தப்படும்வரை, முன்கூட்டித் தெரிவித்து பதிவு அதிகாரியின் ஒப்புதல் வாங்கினால் வண்டியை மாற்றலாம், மாற்றம் ஆர்.சி.யில் ஏறும். திருத்தத்துக்குப் பிறகு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து விலகக் கூடாது என்றாகிவிட்டது. எரிபொருள் மாற்றும் கிட், அதே வகை இன்ஜின் என்று சில விலக்குகள்தான். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அதே வருஷத் திருத்தம் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தது.

இதன் பின்னால் உள்ள பயம் பொய்யில்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள அம்பாசடருக்கு அசலில் ஐம்பதை ஒட்டிய குதிரைத்திறன். அதில் அதைப்போல மூன்று மடங்கு இன்ஜினை ஏற்றிக்கொண்டு ஜி.என்.டி. சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வருபவரை நானும் தடுக்கத்தான் சொல்வேன்.

ஆனால் விண்டேஜ் விதி செய்வது வேறு. அரசே முத்திரை குத்தி அனுமதித்த 1986 மாற்றத்தை, 2021-ல் அதே அரசு 'அசல் இல்லை' என்று ஒதுக்குகிறது. இந்த வரையறைப்படி தப்பிப்பது யாருடைய வண்டி? கூரையடியில் துணி போர்த்தி வைத்திருந்தவர் வண்டி; ஒன்று பழுதானால் இன்னொன்றை எடுக்க வசதி இருந்தவர் வண்டி. டாக்ஸியாக ஓடி, மூன்று இன்ஜின் பார்த்து, புதுப்பேட்டை பாகங்களில் உயிர்பிழைத்த வண்டிக்கு இடமில்லை. நம் சாலைகளின் சரித்திரம் அந்த இரண்டாவது வண்டியில்தான் அதிகம் இருக்கிறது. அதற்கு மிச்சமிருக்கும் வழி, பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் கும்மிடிப்பூண்டி உலைகள்.

பிரிட்டன் நீண்ட காலம் வைத்திருந்த முறையைப் பாருங்கள். மாற்றிக் கட்டிய வண்டி பழைய பதிவைத் தக்கவைக்க 8 புள்ளி வேண்டும். அசல் சேஸி அல்லது பாடிக்கு 5; சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2; இன்ஜினுக்கு வெறும் 1. புள்ளி தேறாதது தனிப் பரிசோதனையில் தேறி வேறு நம்பர் வாங்கலாம். குறையே இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஜின் என்பது தேய்ந்து மாறும் பொருள், எலும்புக்கூடுதான் வண்டி என்று அதை எழுதியவருக்குப் பட்டறை தெரிந்திருக்கிறது. நம் விதியில் இன்ஜினும் பாடியும் ஒரே தட்டில். தேறாதவரை அனுப்பப் பரிசோதனைக் கூடமும் கிடையாது.

நண்பரின் அம்பாசடருக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். பாடி 5, முன்பின் சஸ்பென்ஷன் 2, ஆக்சில் 2. டீசல் இன்ஜினோடேயே ஒன்பது. கூரையை வெட்டினால் அந்த ஐந்து போய் நாலுதான் மிஞ்சும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, முதலில் தரைத் தகட்டு வேலையையும் பிரேக்கையும் முடித்துவிடலாம் என்றார். அடுத்த ஞாயிறு டிங்கர் வருகிறார்.