பி16 சாயமும் ஆயுள் கணிப்பும்

டான்சிலிலும் நாவின் அடிப்பாகத்திலும் தோன்றும் புற்றுநோய்களில், புகையிலையால் விளைந்தவையும் பாப்பிலோமா வைரஸால் விளைந்தவையும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும், நோயாளியின் ஆயுள் விஷயத்தில் அவை வெகுதூரம் வேறுபடுகின்றன என்பதை 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று நிலைநாட்டியது. மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர், வைரஸ் உடையோரில் நூற்றுக்கு 82 பேர். ஏனையோரில் 57 பேர்.

இவ்விரு வகையையும் பிரித்தறிய ஆஸ்பத்திரிகள் பெரிதும் கைக்கொள்ளும் முறை, வைரஸைத் தேடுவதன்று. பி16 என்னும் மரபணு எவ்வளவு புரதத்தைப் படைத்திருக்கிறது என்று திசுவுக்குச் சாயமேற்றிப் பார்ப்பதே. செல் பெருகாதபடி தடுக்க வேண்டிய புரதம் புற்றுக்கட்டியிலேயே மிகுந்திருப்பது முதலில் விபரீதமாகத் தோன்றும். ஆனால், அத்தடை செயல்படுவதற்கு இன்றியமையாத ஆர்பி புரதத்தை வைரஸின் இ7 புரதம் முடக்கிவிடுவதால், பி16 எவ்வளவு சுரந்தும் பயனில்லை. அந்த வீண் பெருக்கமே வைரஸைக் காட்டிக்கொடுக்கிறது.

செலவு சொற்பம், சிறு திசுத்துண்டு போதும். மைக்ராஸ்கோப்பின் கீழ், கட்டியின் செல்களில் நூற்றுக்கு 70-க்குக் குறையாமல் உட்கருவும் அதைச் சூழ்ந்த பகுதியும் அழுத்தமான பழுப்பேறியிருந்தால், 'உண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். பல மரபணுக்களை ஒருங்கே அளந்து ஆரூடம் சொல்ல முயன்ற பட்டியல்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டாதிருக்க, 2018 முதல் அமலான நோய்நிலை வகுப்புமுறை இவ்வொற்றைச் சாயத்தை நம்பித் தனி அட்டவணையே வகுத்தது சாமானியமன்று.

ஆயினும் இது அனுமானமேயன்றிப் பிரத்தியட்சமன்று; மூடுபனியைப் புகையென மயங்கி மலையில் நெருப்பைக் கற்பிக்கும் தோஷம் இதற்கும் உண்டு. 7,600-க்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்தாராய்ந்து 2023-இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு ஒன்பது பேரிடம் சாயமும் வைரஸும் முரண்பட்டன. சாயம் ஏறியும் வைரஸ் இல்லாதோரில் ஐந்தாண்டு பிழைத்தவர் நூற்றுக்கு 55 பேரே, இரண்டும் உடையோரிலோ 81 பேர். வைரஸின் பங்கு அருகிய பிரதேசங்களில் இம்முரண் மிகுதி. ஆதலால், வெற்றிலையும் புகையிலையும் மென்று கன்னத்திலும் ஈற்றிலும் புற்றுக் காண்பவர் மலிந்த நம் நாட்டில், தொண்டைக்கென ஏற்பட்ட சாயத்தை வாய்க்கும் ஏற்றி நற்குறி சொல்வது பழக்கதோஷமன்றி வேறில்லை.

இதனினும் பெரிய பிழை, நெடுநாள் வாழ்வார் என்ற குறியையே மருந்தைத் தணிக்கலாம் என்ற அனுமதியாகக் கொள்வது. கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதிலாக, மென்மையானதென்று கருதிய செடுக்சிமாப் மருந்தைத் தந்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடத்திய இரு பெரும் பரிசோதனைகளிலும் பிழைத்தவர் தொகை குறைந்ததே கண்ட பலன். சிகிச்சையைக் குறைக்க விரும்பும் வைத்தியர், வைரஸை நேரே தேடும் இரண்டாம் சோதனையையும் செய்து, இரண்டும் ஒத்திருந்தாலும் முறையான ஆய்வுக்கு உட்பட்டே அதில் இறங்குவது நியாயம்.