புனைபெயரும் பொறுப்பும்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றைக் கற்கப் புகும் மாணவர் ஒரு விந்தையான இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். த. சிவஞானசுந்தரம், செ. சிவஞானசுந்தரம், சி. சிவஞானசுந்தரம் என மூவர் இந்நாட்டில் எழுதினர். முதலெழுத்தைத் தவிர இவர்தம் பெயர்களிடையே வேற்றுமை யாதுமில்லை. ஆயின் இலங்கையர்கோன், நந்தி, சிரித்திரன் சுந்தர் என்று கூறின் மயக்கம் தீர்கின்றது. 'வெள்ளிப்பாதசரம்' என்னும் சிறுகதையைத் தந்த காரியாதிகாரி ஒருவர். மலையகத் தோட்டத் தொழிலாளர் வாழ்வை 'மலைக்கொழுந்து' என நாவலாக்கிய மருத்துவப் பேராசிரியர் ஒருவர். சவாரித் தம்பரைச் சித்திரமாக வரைந்து, 1963இல் கொழும்பில் 'சிரித்திரன்' என்னும் நகைச்சுவைச் சஞ்சிகையைத் தொடங்கியவர் ஒருவர். பெற்றோர் இட்ட பெயர் மூவரையும் ஒருவராக்கிற்று; எழுத்துக்கென வாய்த்த பெயரே மூவரையும் பிரித்துக் காட்டிற்று.

புனைபெயர் என்றதும் ஒளிந்துகொள்ளும் திரை என்ற எண்ணமே பலர் உள்ளத்தில் எழுகின்றது. மேற்காட்டிய எடுத்துக்காட்டு அவ்வெண்ணம் முழுமையானதன்று என்பதைப் புலப்படுத்தும். புனைபெயர் மறைப்பதும் உண்டு, வெளிப்படுத்துவதும் உண்டு. எப்போது அது நேர்மையுடையது, எப்போது நேர்மை குன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறு சஞ்சிகைகளிலும், ஒரு துறையார்க்கெனவே நடத்தப்பெறும் இணையத்தளங்களிலும் புனைபெயர் பெருகிவரும் இந்நாளில் இவ்வாராய்ச்சி வேண்டற்பாலதே.

படைப்பாளரின் இயற்பெயரைக் காட்டிலும் படைப்பு நிலைத்து நிற்றல் தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகையிலே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார் முதலிய பெயர்களைக் காண்கின்றோம். இவர்தம் இயற்பெயர் அறியப்படாமையால், தொகுத்தோர் அவரவர் பாட்டில் அமைந்த சிறந்த தொடரையோ உவமையையோ கொண்டே பெயர் வழங்கினர். இவை புலவர் தாமே புனைந்துகொண்ட பெயர்கள் அல்ல என்பது உண்மை. எனினும் ஒரு பேருண்மையை இவை உணர்த்துகின்றன. எழுதியவர்க்கு எழுத்தே பெயர் தரும். அப்பெயர் ஈராயிரம் ஆண்டும் நிற்கும்.

ஈழத்தார் புனைபெயர்களை நோக்கின், அவற்றுட் பல மறைக்கும் நோக்கம் உடையனவாகத் தோன்றவில்லை. கல்முனைப் பகுதியில் ஆசிரியராய் விளங்கிய கே. சின்னத்துரை, தம் ஊராகிய பெரியநீலாவணையின் பெயரால் நீலாவணன் ஆனார். சில்லாலையிற் பிறந்த செல்வராசன் சில்லையூரைத் தம் பெயரின் முன் நிறுத்தினார். சங்கப் புலவருள் ஈழத்துப் பூதன்தேவனார் என்ற பெயரைப் பெருமையோடு எடுத்துக்காட்டும் நமக்கு, ஊர்ப்பெயரால் விளங்கும் இம்மரபின் அருமையை விரித்துக் கூறல் வேண்டுவதில்லை. ஆசிரியராய்ப் பணியாற்றிய எழுத்தாளர் வள்ளிநாயகி 'குறமகள்' என்று பெயர் புனைந்தார். முருகன் கதையறிந்த எவர்க்கும் வள்ளியும் குறமகளும் ஒருவரே அன்றோ! தம் பெயரை மறைப்பார் போன்று அதனையே பொருள்பெயர்த்துக் கூறிய நயம் பாராட்டத்தக்கது.

இனி, பெயரே படைப்பின் முதலடியாய் அமைவதும் உண்டு. து. உருத்திரமூர்த்தி (1927–1971) 'மஹாகவி' எனத் தம்மைக் கூறிக்கொண்டார். பாரதியார்க்கு உரியதென உலகம் கருதும் பட்டத்தை ஓர் இளைஞர் தாமே சூடிக்கொள்ளல் செருக்கன்றோ என்று கேட்போர் உளர். அவர் பாடிய பொருளை நோக்குக. 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' என்பது அவர் காவியம் ஒன்றன் தலைப்பு. பேரரசரையும் பெருவீரரையும் விடுத்து, வயலிலும் வீட்டிலும் உழைக்கும் எளியோரைப் பேச்சோசை தழுவிய செய்யுளிற் பாடினார். பெரும் பெயரும் எளிய பொருளும் ஒருங்கே நிற்பதால், பெருங்கவிதை எங்கே பிறக்கின்றது என்னும் வினாவை அப்பெயரே எழுப்பிவிடுகின்றது. இதற்கு எதிர்முனையில் நிற்பவர் சில்லையூர் செல்வராசன். அங்கதம் பாடும்போது அவர் 'தான்தோன்றிக் கவிராயர்' ஆனார். கவிராயர் என உயர்த்தித் தான்தோன்றி எனத் தம்மையே எள்ளிக்கொண்டவர் பிறரை எள்ளுங்கால், கேட்போர் சினவாது நகைப்பர். இருவர் பெயரும் அவரவர் எழுத்துக்குப் பொருந்தியமையே அவற்றின் சிறப்பு.

சிறு சஞ்சிகைகளிற் புனைபெயர் பெருகுதற்கு வேறொரு காரணமும் உண்டு. எழுதுவோர் சிலர், எழுதவேண்டிய துறைகளோ பல. கதையில் புதுமைப்பித்தன் எனப் புகழ்பெற்ற சொ. விருத்தாசலம் கவிதை எழுதுங்கால் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை ஆனார். விமரிசகராக அறியப்பட்ட க. நா. சுப்ரமண்யம் கவிதைக்கு 'மயன்' என்னும் பெயரை வைத்துக்கொண்டார். ந. பிச்சமூர்த்தி 'பிக்ஷு' என்றும் எழுதினார். ஒரு துறையிற் பெற்ற புகழ் மற்றொரு துறையின் முயற்சிக்குத் துணையாகவோ தடையாகவோ வாராதவாறு காத்தல் இதனாற் கைகூடும். வாசகர் பெயரை நோக்காது பாட்டையே நோக்குவர். இது நேர்மையான பயனே.

அச்சத்தாலும் தேவையாலும் புனைபெயர் கொள்வோரும் உளர். அரச ஊழியர் பத்திரிகைகளில் எழுதுதலைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகின்றது; அரசாங்கப் பாடசாலை ஆசிரியரும் அவ்வூழியருள் அடங்குவர். கனக சுப்புரத்தினம், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அரசினர் பள்ளி ஆசிரியராய் இருந்தவாறே, பாரதிதாசன் என எழுதினார் என்பதை ஈண்டு நினைக்கலாம். ஆங்கில நாவலாசிரியை மேரி ஆன் எவன்ஸ், தம் நாவல்களைப் பெண்ணெழுத்தென்று எளிதிற் கருதி ஒதுக்காதிருக்கும் பொருட்டு 'ஜோர்ஜ் எலியட்' எனும் ஆண்பெயர் பூண்டார். மெலியோர்க்குப் புனைபெயர் ஒரு கவசம். அதனைப் பழித்தல் தகாது.

அவ்வாறாயின் குற்றம் எங்கே உள்ளது? ஒருவரே பல பெயரால் எழுதித் தம் கருத்துக்குப் பலர் உடன்பட்டாற்போலக் காட்டுவது முதற் குற்றம். தம் நூலைத் தாமே வேறொரு பெயரிற் புகழ்வது இரண்டாவது. ஒருவரது நூலை வன்மையாகக் கண்டித்து, அவர் மறுமொழி கூறியவுடன் அப்பெயரைக் கைவிட்டு மற்றொரு பெயரில் மீண்டும் தோன்றுவது மூன்றாவது. இம்மூன்றிலும் கொடியது இறுதியிற் கூறியதே. படைப்பிலக்கியத்திற் பெயர் எதுவாயினும் பாட்டு நம் முன் நிற்கின்றது; அதனை நாமே சுவைத்து மதிப்பிடலாம். விமரிசனமோ சான்றும் தீர்ப்பும் ஆகும். சான்று கூறுவோர் குறுக்கு வினாவுக்கு உட்படல் வேண்டும். முன்னர் அவர் கூறியதென்ன, பின்னர்க் கூறியதென்ன, யார்க்கு எவ்வளவு அணுக்கமானவர் என்பன அறியப்படாவிடின் அவர் தீர்ப்புக்கு எடை ஏது?

அச்சுச் சஞ்சிகையில் இக்குற்றத்துக்கு ஓர் எல்லை இருந்தது. எழுதியவர் யாரென்பது வாசகர்க்குத் தெரியாவிடினும் பத்திராசிரியர்க்குத் தெரிந்திருக்கும். 1966இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிப் பின்னர்க் கொழும்புக்கு வந்த 'மல்லிகை'க்கு ஒரு டொமினிக் ஜீவா இருந்தார். மறுப்புரையை எடுத்துச் செல்ல ஒரு வாயிலும், வெளியிட ஓர் ஏடும் இருந்தன. இணையத்திலோ பல தளங்களுக்கு அத்தகைய வாயில் இல்லை. வாசகர் சிலநூற்றுவரேயாகும் சிறு வட்டத்தில், முகமறியா ஒருவரின் சுடுசொல் இளம் எழுத்தாளர் ஒருவரை என்றென்றைக்கும் வாய்மூடச் செய்தல் கூடும்.

புனைபெயர் பொறுப்போடு வழங்கப்பட்டமைக்குச் சான்றாக ஒருவரைக் கூறலாம். தர்மரத்தினம் சிவராம் 1989 முதல் 'தி ஐலன்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் 'தராக்கி' என்ற பெயரில் அரசியல், இராணுவ ஆய்வுகளை எழுதினார். காலப்போக்கில் தராக்கி யாரென்பதை யாவரும் அறிந்தனர். எனினும் அவர் அப்பெயரைக் கைவிட்டு மற்றொன்றினுட் புகுந்தாரல்லர். 2005 ஏப்பிரல் 28ஆம் நாள் பம்பலப்பிட்டியிற் கடத்தப்பட்டார். மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் அவரது சடலம் கிடந்தது. அவருடைய அரசியலை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஆனால் அவர் கூற்றை மறுக்க விரும்பியவர் தாம் மறுப்பது யாரை என்பதை அறிந்தே மறுத்தனர். புனைபெயர் உயிரைக் காக்கும் கவசமாகாது போதலும் உண்டு என்பது இதன்கண் உள்ள துயரம். ஒரே பெயரில் நிலைத்து நின்றமையாலேயே அவ்வெழுத்து மதிப்புப் பெற்றது என்பது இதன்கண் உள்ள பாடம்.

சட்டமும் இதனை ஒருவாறு ஏற்றுள்ளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தம் பெயர் குறிக்கப்படல் வேண்டும் என்று கோருதலையும், புனைபெயரால் எழுதுதலையும் படைப்பாளரின் உரிமைகளாகவே கொள்கின்றது. எனவே புனைபெயர் கொண்டோரைக் குற்றவாளியென நோக்குதற்கு இடமில்லை. ஆயினும் உரிமை உள்ள இடத்திற் கடமையும் உண்டு.

அக்கடமை யாது? எடுத்துக்கொண்ட பெயரை எளிதில் மாற்றாதிருத்தல் ஒன்று. பத்திராசிரியர் ஒருவரிடமேனும் தம் இயற்பெயரை ஒப்படைத்தல் ஒன்று. மறுமொழி வருங்கால் அதே பெயரில் நின்று விடைகூறல் ஒன்று. இவற்றொடு, பிற்காலத்தவர் பொருட்டுத் தம் புனைபெயர்களின் குறிப்பினை எழுதிவைத்தலும் நன்று. 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் காத்துவருகின்றது. பழைய ஏடு ஒன்றில் அறியாப் பெயரிலுள்ள அரிய கட்டுரையை எவர் கணக்கிற் சேர்ப்பது என்று நாளைய ஆய்வாளர் திகைத்தல் ஆகாது.

கல்லூரியில் பயிலும் இளைஞர் பலர் இன்று ஏதேனும் ஒரு பெயரில் எழுதத் தொடங்கியிருப்பர். அவர்க்கு ஒன்று கூறலாம். பெயரை விரும்பியவாறு புனைந்துகொள்க. ஊரையோ உவமையையோ நகையையோ அதில் வைத்துக்கொள்க. ஆனால் இயற்பெயரில் எழுத நாணும் பழிச்சொல்லைப் புனைபெயரிலும் எழுதற்க. கையொப்பம் எதுவாயினும் கை ஒன்றே.