ஸ்பேடெக்ஸ் சொன்னதும் பிஎஸ்எல்வி சொல்லாததும்

2025 காணும் பொங்கல் அன்று, ஜனவரி 16, தஞ்சாவூர் வீட்டில் இருந்தேன். தலா 220 கிலோ எடையுள்ள ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் விண்வெளியில் இணைந்துவிட்டதாக இஸ்ரோ அறிவித்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நாம்தான்.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பத்து நாள். இணைப்பு முதலில் 7ஆம் தேதி என்றார்கள். பாதியில் கைவிட வேண்டிவரும் ஒரு சூழல் கண்ணில் பட்டது, தரையில் சிமுலேஷன் செய்து பார்க்கணும் என்று 9க்குத் தள்ளினார்கள். பிறகு 225 மீட்டருக்கு நெருங்கும்போது விலகல் எதிர்பார்த்ததைவிட அதிகம், மறுபடி ஒத்திவைப்பு. 12ஆம் தேதி 3 மீட்டர் வரை போய்ப் பார்த்துட்டு பின்வாங்கினார்கள். எல்லாமே உடனுக்குடன் வெளியே சொல்லப்பட்டது. ரோல்பேக் பண்ணினதை இப்படி ஊரறியச் சொல்கிற டீமை என் சாப்ட்வேர் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

அந்த இரண்டையும் சுமந்து போனது பிஎஸ்எல்வி-சி60. அடுத்து வந்த சி61, 2025 மே 18 அன்று மூன்றாம் நிலையில் அறை அழுத்தம் குறைந்து தோற்றது, இஓஎஸ்-09 போச்சு. ஆய்வுக் குழு போட்டார்கள். அறிக்கை பொதுவெளிக்கு வராமலே 2026 ஜனவரி 12 அன்று சி62 கிளம்பியது. சம்பா வயலோரம் நின்று செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் மூன்றாம் நிலை. சி61 அறிக்கை கையில் இல்லாமல், ரெண்டும் ஒரே கோளாறா என்று வெளியாள் யாரும் சரிபார்க்க முடியாது.

இஸ்ரோவுக்கு இது பழக்கமும் இல்லை. 2021இல் ஜிஎஸ்எல்வி-எஃப்10 தோற்றபோது, ஹைட்ரஜன் தொட்டி வால்வில் கசிவு என்று விளக்கமாகவே வெளியிட்டார்கள்.

விண்வெளி வீரர்கள் போகப்போவது எல்விஎம்-3இல்தானே, பிஎஸ்எல்வியில் இல்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் நாம் திட்டமிடும் விண்வெளி நிலையத்துக்கு ஐந்து தொகுதிகள். ஒரு ஏவலின் நம்பகத்தன்மை 95 சதவீதம் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஐந்தும் தவறாமல் போய்ச்சேர வாய்ப்பு 77 சதவீதம்தான். இணைக்கும் பயிற்சி எவ்வளவு இருந்தாலும், மேலே வந்து சேராத தொகுதியை எதோடு இணைப்பது?

2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா போகவிருந்த ஃபால்கன்-9இல் ஆக்சிஜன் கசிந்தது. சரிசெய்து சோதித்த பிறகே ஏவணும் என்று வற்புறுத்தியவர்களில் இஸ்ரோவும் உண்டு. அந்த ராக்கெட்டைப் பற்றிக் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன்: சி61க்குப் பிறகு மூன்றாம் நிலையில் எதை மாற்றினீர்கள், தரையில் எப்படிச் சோதித்தீர்கள்?